கடிகாரத்தை ஓடவிட்டவர்

அன்புள்ள ஐயா,

தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இரவில் இணையத்தில் சதுரங்கம் ஆடுவது பழக்கம். ஆட்டம் தொடங்கும்போது 'வணக்கம்' என்று எழுதுவேன். பத்துப் பேரில் ஒருவர் பதில் தந்தால் பெரிது. போன வாரம் ஒருவர் அரசியை இழந்ததும் நகர்த்தாமல் அப்படியே இருந்துவிட்டார். ஏழு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்தில் கேரம் ஆடித் தோற்றவன்கூட, வென்றவன் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுத்தான் போவான். இணையத்தில் ஆடுகிறவர்களுக்கு மரியாதையே கிடையாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. முதலாவதை நான் ஏற்கவில்லை. இரண்டாவதில் நானே குற்றவாளி. அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஹட்டனில் மழை விடாமல் அடித்த ஓர் இரவு. கணினியில் லிசெஸ் தளத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். கவனமில்லாமல் யானையைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். என் நகர்வுகளுக்கான கடிகாரத்தில் ஆறு நிமிடம் மிச்சம். தோல்வியை ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்த மனம் வரவில்லை. ஆட்டத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். (மூடிவிட்டு ஓடினால் எதிராளி சிறிது நேரத்தில் வெற்றியைக் கோரலாம், திறந்து வைத்தால் அவர் காத்திருக்கத்தான் வேண்டும். இது தெரிந்தேதான் செய்தேன்.) இஞ்சி தட்டிப்போட்ட பிளேன் டீயோடு திரும்பி வந்தால், என் நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கிறது! அந்தத் தளத்தில் எதிராளியின் கடிகாரத்துக்கு அருகே ஒரு கூட்டல் குறி உண்டு. ஒருமுறை அழுத்தினால் அவருக்கு 15 விநாடி சேரும். முகம் தெரியாத அந்த மனிதர் அதை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குச் சிக்னல் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. ஆட்டத்தை விட்டுக்கொடுத்து 'மன்னிக்கவும்' என்று எழுதினேன். பரவாயில்லை, இணைப்பு யாருக்கும் போகும் என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. உண்மையைச் சொல்லும் துணிவு அன்றைக்கு எனக்கு இருக்கவில்லை.

ஆகவே உங்கள் ஏழு நிமிடக்காரருக்காக நான் வாதாட மாட்டேன். திரும்பத் திரும்ப இப்படிச் செய்கிறவர்களை அந்தத் தளம் சிறிது காலம் ஆடவிடாமல் நிறுத்தி வைப்பதும் சரிதான். ஆனால் ஜன்னலோரம் நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கிற மலையில் இருந்துகொண்டு, எதிராளி அசையாவிட்டால் முதலில் இணைப்பைச் சந்தேகிக்காமல் ஆளைச் சந்தேகிக்கலாமா?

இனி, பதில் வராத வணக்கம். பலகையின் முன் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடினால் பேசுவதுதான் தவறு. எதிராளியின் கவனத்தைக் கலைப்பதையும் அவருக்குத் தொல்லை கொடுப்பதையும் சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனத்தின் விதிகள் தடுக்கின்றன. சும்மா சும்மா 'சமன் செய்துகொள்வோமா' என்று கேட்பதும் அதில் அடங்கும். அங்கே மரியாதை கைகுலுக்கலோடு முடிந்துவிடுகிறது. 2008இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ போட்டியில் பல்கேரியாவின் செபரினோவ், இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட் நீட்டிய கையைப் பற்ற மறுத்தார். ஆடாமலே தோற்றதாக முதலில் தீர்ப்பு. மேன்முறையீட்டுக்குப் பிறகு கைகுலுக்கி ஆடினார்கள், ஷார்ட் வென்றார். இணையத்தில் அந்தக் கையும் இல்லை. பத்து நிமிட ஆட்டத்தில் ஒருவர் வாய் திறக்காமல் ஒழுங்காக நகர்த்தி, தோற்றால் தோற்றுப் போனால், எனக்கு அது போதும். கடைசி மூச்சுவரை ஆடுகிறவர்மீதும் கோபம் வேண்டாம். நாம் அவசரப்பட்டு, செக் வைக்காமலே அவருக்கு எந்த நகர்வும் இல்லாமல் செய்து, வென்ற ஆட்டத்தைச் சமனாக்கிக் கொடுப்பது நடக்காததா? ஒரு சின்ன விஷயம்: 'நல்ல ஆட்டம்' என்பதைத் தோற்றவர் முதலில் சொல்லட்டும். வென்றவர் முந்திக்கொண்டால் சில காதுகளில் அது கிண்டலாக விழும்.

நீங்கள் தேடுவது மரியாதையைவிட நட்பு என்று படுகிறது. லயத்துக் கேரமில் ஒரு மாலைப்பொழுதே இருக்கிறது. பத்து நிமிடத்தில் யார் யாருக்குத் தேநீர் ஊற்றுவது? தபால் அட்டையில் ஒரு நகர்வை எழுதி அனுப்பி, பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருந்து ஆடியவர்கள் இருந்தார்கள். ஓர் ஆட்டம் வருடக்கணக்கில் போகும். நகர்வோடு ஊர் மழையையும் பிள்ளையின் பரீட்சையையும் இரண்டு வரி எழுதலாம். தபால் சதுரங்கத்துக்கான சர்வதேசச் சம்மேளனம் 'நாம் நண்பர்கள்' என்ற பொருள்படும் லத்தீன் வாசகத்தையே தன் முழக்கமாக வைத்திருக்கிறது.

அந்த ஆட்டம் செத்துவிடவில்லை. லிசெஸில் ஒரு நகர்வுக்கு ஒரு நாள் முதல் 14 நாள்வரை வைத்து ஆடலாம். இடையில் மின்சாரம் போனாலும், மூடுபனியில் சிக்னல் மறைந்தாலும் யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. ஆள் கிடைக்காவிட்டால் நான் இருக்கிறேன். நகர்வுக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை உங்களுக்கு.