காட்டுயிர் படத்தை எவ்வளவு நெருக்கி கிராப் செய்யலாம்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மீன்கொத்தி ஒன்று ஃபிரேமில் ரொம்பச் சின்னதாக விழுந்திருக்கிறது. 24 மெகாபிக்சல் கேமரா. எந்த அளவுக்கு வெட்டலாம்?

பதில்: 24 மெகாபிக்சல் என்றால் பெரும்பாலும் 6000க்கு 4000 பிக்சல். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் 3000க்கு 2000, அதாவது மிஞ்சுவது 6 மெகாபிக்சல்தான். பலர் 12 என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஃபோன் திரைக்கு 6 தாராளம், அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் பிரின்ட் போட்டால் 10 அங்குல அகலம் வரும். ஆனால் வெட்டும் முன் 100 சதவீதத்துக்கு ஜூம் செய்து கண்ணைப் பாருங்கள். கண்ணைச் சுற்றியுள்ள பொடி இறகுகள் தனித்தனியாகத் தெரிந்தால் தைரியமாக வெட்டலாம், குழைந்து கிடந்தால் விட்டுவிடுங்கள், ஏனென்றால் நெருக்க நெருக்க அந்தக் குழைவும் நாய்ஸும் (படத்தில் பொரிபொரியாகத் தெரியும் புள்ளிகள்) சேர்ந்தே பெரிதாகும்.

கேள்வி: 300 எம்எம் படத்தைப் பாதியாக கிராப் செய்தால் 600 எம்எம் லென்ஸில் எடுத்தது போலாகுமா?

பதில்: அதே இடத்தில் நின்று எடுத்திருந்தால் காட்சி ஒன்றுதான். ஆனால் பிக்சல் கால்வாசிதான்.

கேள்வி: சிறுத்தையின் வால் நுனி மட்டும் ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டது. காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு, இன்னும் உள்ளே வாருங்கள். நுனி மட்டும் போனால் கைதவறிப் போனதாகத் தெரியும், தோள்வரை வெட்டி முகத்தைப் பிடித்தால் நீங்களே முடிவெடுத்தது தெரியும். கால்களை மூட்டிலோ கணுவிலோ வெட்டாதீர்கள், விலங்கு முடமானது போல் இருக்கும். புல்லுக்குள் பாதம் மறைந்திருந்தாலும் அது இருக்கவேண்டிய இடத்தைக் கீழே விட்டுவையுங்கள்.

கேள்வி: பார்க்கும் பக்கம் அதிக இடம் விடவேண்டும் என்பது கட்டாயமா?

பதில்: பெரும்பாலும் சரி. விலகி நடக்கும் விலங்கு என்றால் பின்னால் எழும் தூசிக்கும் இடம் வேண்டும்.

கேள்வி: நெருக்கமான படத்துக்குத்தான் எல்லோரும் லைக் போடுகிறார்கள். எல்லாவற்றையும் அப்படியே வெட்டலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, இது எனக்கு வலித்துத் தெரிந்த விஷயம். தாய் யானையும் குட்டியும் வறண்ட ஆற்றைக் கடக்கும் படம் ஒன்று, இரண்டு உருவமும் ஃபிரேம் நிறையும்படி வெட்டி, ஜேபெக்கில் சேமித்து, அதையே வருடக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த வெட்டாத மூலக் கோப்பைத் திறந்தால், பின்னால் ஈர மணலில் தாயின் பெரிய தடம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் குட்டியின் சின்னத் தடம், கரைவரைக்கும். தண்ணீர் தேடி எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்று அந்த மணல்தான் சொன்னது, நான் அதைத்தான் வெட்டி எறிந்திருந்தேன். முகத்திலோ தோலிலோ சொல்ல ஏதாவது இருந்தால் நெருங்குங்கள், இடம் பேசினால் இடத்தை விடுங்கள்.

கேள்வி: போட்டிக்கு அனுப்பும்போது?

பதில்: விதிமுறையில் கிராப் அளவும் குறைந்தபட்ச பிக்சலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேர்வான படத்துக்குப் பல போட்டிகளில் ரா ஃபைல் கேட்பார்கள், அதனால் ஒரிஜினலை அழிக்கவே அழிக்காதீர்கள்.