துரை பங்களாவும் 1978-ஆம் வருடக் கிரையமும்

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் பழைய துரை பங்களாவை 2 ஏக்கரோடு விலை பேசியிருக்கிறோம். தலைமுறைகளாக ஓர் ஆங்கிலேயக் குடும்பத்திடம் இருந்த வீடு. கடைசித் துரை மனைவிக்கு உயில் எழுதிவைத்துவிட்டு 1961-ல் இறந்தார். அந்த அம்மாள் 1978-ல் சேலம் வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டு இங்கிலாந்து போய்விட்டார். வியாபாரியின் மகனிடமிருந்து 1996-ல் வாங்கியவர்தான் இப்போது விற்கிறார். 1975 முதல் போட்ட ஈசியில் (வில்லங்கச் சான்றில்) வில்லங்கம் இல்லை. பட்டாவும் அவர் பெயரில். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இந்த மாதிரி பங்களாவை விற்பவர்கள், 1820-களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பி கொண்டுவந்ததிலிருந்து கதையை ஆரம்பிப்பார்கள். எனக்கும் கேட்கப் பிடிக்கும். ஆனால் உங்கள் சிக்கல் அவ்வளவு பின்னால் இல்லை, 1978-ல் இருக்கிறது.

1974 ஜனவரி 1 முதல் 'ஃபெரா' என்ற அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அமலில் இருந்தது. இந்தியக் குடிமகன் அல்லாதவர் இங்குள்ள அசையாச் சொத்தை விற்கவோ தானம் கொடுக்கவோ ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும் என்றது அதன் 31-வது பிரிவு. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் அனுமதி வாங்கியிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அனுமதி இல்லாவிட்டால் அபராதம்தான், கிரையம் செல்லும் என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. பெங்களூரில் வெளிநாட்டவர் ஒருவரின் விதவை 1977-ல் கொடுத்த தானம் பற்றிய வழக்கில், 2021 பிப்ரவரி 26 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது: முன் அனுமதி இல்லாத கைமாற்றம் செல்லாது. ஏற்கெனவே இறுதியாகிவிட்ட விவகாரங்களைக் கிளற வேண்டாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் பங்களா அதில் சேருமா என்பது வாதத்துக்கு உரியது.

அதனால் முதலில் 1978 பத்திரத்தின் நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு எடுங்கள். ரிசர்வ் வங்கியின் அனுமதிக் கடித எண் அதில் இருக்கிறதா பாருங்கள். அந்த அம்மாள் இந்தியக் குடியுரிமை வாங்கியிருந்தால் 31-வது பிரிவே பொருந்தாது; அப்படியானால் அதற்கான சான்றைக் கேளுங்கள். 1961-ல் இறந்தவரின் உயிலுக்குப் புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) ஆகியிருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆங்கிலேயர் உயில் என்றால் அந்தக் காலத்தில் அது இல்லாமல் கோர்ட்டில் உரிமை கோர முடியாது.

அனுமதி, குடியுரிமைச் சான்று, புரொபேட் எதுவும் இல்லை என்றால்? 12 வருடத்துக்கு மேல் வெளிப்படையாக, எதிரிடையாக (அசல் உரிமையாளரின் உரிமையை மறுத்து, தன் சொத்தாகவே) அனுபவித்தவர்களை இனி யாரும் வெளியேற்ற முடியாது என்று விற்பவரின் வக்கீல் சொல்வார். நல்ல வாதம்தான். எதிரிடை அனுபவத்தை வைத்து நாமே வழக்குப் போடலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அந்த வேலையை விற்பவர் தன் செலவில் முடித்து, விளம்புகைத் தீர்ப்பு (சொத்து இவருடையதே என்று கோர்ட் அறிவிக்கும் தீர்ப்பு) வாங்கித் தரட்டும். பட்டாவைக் காட்டிச் சமாளிக்க விடாதீர்கள், பட்டா மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது.

அப்படியும் வீட்டை விட மனமில்லையா? சரி, சிறு தொகையோடு கிரைய ஒப்பந்தம் போடுங்கள். உரிமையில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வரவேண்டும் என்று அதில் எழுதி, ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துவிடுங்கள். வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால், இந்த 1978 விஷயத்தை வங்கியின் வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.