செவ்வாய்க்கிழமை வந்த அக்கா

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு குடியிருப்பில் மூன்று ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளி (பிள்ளைகளுக்கான ஞாயிறு வேத வகுப்பு) நடத்துகிறேன். குடியும் சண்டையும் ஓயாத தெரு. 40 பிள்ளைகள் வந்த இடத்தில் இப்போது 11 பேர்தான் வருகிறார்கள். நன்றாகப் பாடும் ஒன்பதாம் வகுப்புப் பெண்கூடப் பொங்கலுக்குப் பின் வரவில்லை. பொம்மலாட்டம் வைக்கலாமா, பரிசுகளைக் கூட்டலாமா? நான் அனுப்பும் படங்களில் கூட்டம் குறைந்துவிட்டதே என்று சபையார் கேட்கிறார்கள்.

– ஓர் ஆசிரியை

அன்புள்ள சகோதரிக்கு,

பொம்மலாட்டம் உங்கள் விருப்பம். பரிசு வேண்டாம். பிள்ளைகளைப் படம்பிடித்து அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். காணிக்கைக்காக அந்த முகங்களைக் காட்ட நமக்கு எந்த உரிமையும் இல்லை.

ஓய்வுநாள் பள்ளி எதற்காகத் தோன்றியது என்பதைச் சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில், செய்தித்தாள் நடத்திவந்த ராபர்ட் ரெய்க்ஸ், குண்டூசித் தொழிற்சாலைகளில் வாரம் முழுக்க உழைத்த ஏழைப் பிள்ளைகளுக்காக அதைத் தொடங்கினார். ஞாயிறு ஒன்றே அவர்களுக்கு ஓய்ந்த நாள். அங்கே எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்பித்தார்கள். நாமோ மனன வசனத்தை ஒப்பிக்கவைத்துக் கைதட்டி அனுப்புகிறோம். உங்களிடம் வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை வேதாகமத்தைத் திறந்து ஒரு வசனத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறதா என்று என்றைக்காவது பார்த்தீர்களா?

தர்மபுரிப் பக்கம் நான் வளர்ந்த தெருவும் உங்கள் தெருவைப் போன்றதுதான். அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, என்னையும் தங்கையையும் பாட்டி வளர்த்தார். மூன்று ஞாயிறு நான் வகுப்புக்குப் போகவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆசிரியை அக்கா வீட்டுக்கே வந்தார். பாட்டி களி கிண்டிக்கொண்டிருந்தார். தங்கை காய்ச்சலில் படுத்திருந்தாள். நான்காம் வகுப்பு முடித்திருந்தும் மருந்து உறைகளின் மேல் எழுதியிருந்ததைக் கூட்ட முடியாமல், எதை எப்போது கொடுப்பது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன். ஏன் வரவில்லை என்று அக்கா கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, உறையின் மேல் சுட்டுவிரலை வைத்து, ‘கா… லை…’ என்று மெல்ல நகர்த்தினார். புளி கரைத்த விரல். நகக்கண்ணில் நார் ஒட்டியிருந்தது. அதன் பிறகு செவ்வாய்தோறும் வந்தார். நான் முதன்முதலில் நானாக வாசித்த சொல் அந்தக் ‘காலை’தான்; வேதாகமத்தின் சங்கீதங்கள் பிறகு வந்தன.

மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் பிள்ளைகளை வரவிடாமல் சீஷர்கள் அதட்டியதையும் அவர் விசனமடைந்ததையும் நாம் திரும்பத் திரும்பப் பிரசங்கிக்கிறோம். அந்தப் பிள்ளைகளை அவரிடம் கொண்டுவர யாரோ இருந்தார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. விடியுமுன் வேலைக்குப் போகும் தாயும் குடித்துவிட்டுக் கிடக்கும் தகப்பனும் உள்ள வீட்டில் கொண்டுவர யார் இருக்கிறார்கள்? நீங்கள்தான் போக வேண்டும், அதுவும் வாரநாளில்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டுப் பொம்மலாட்டத்துக்குத் தாவிவிட்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். நம் இரு மாவட்டங்களிலும் அந்த வயதுப் பெண் திடீரென்று கண்ணில் படாமல் போனால், கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்றுதான் முதலில் விசாரிக்க வேண்டும். 18 வயதுக்கு முன் அவளுக்குத் திருமணம் செய்துவைப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி ஏதேனும் தெரிந்தால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். அவள் பள்ளிக்காவது போகிறாளா என்பதும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். அவள் அம்மா வேலையிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து, இன்று சாயங்காலமே போய் வாசலில் உட்கார்ந்து பேசுங்கள். பாட்டுப் புத்தகம் எடுத்துப் போக வேண்டாம். பேசிவிட்டு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.