கறிக்குழம்பில் ஒயின் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் சமையல் கட்டுரைகளை நான்கு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். மழைக்காலத்து ஆட்டுக்கறிக் குழம்பைப் பற்றி நீங்கள் எழுதியதில், கறியை வதக்கிய பின் ஒரு தம்ளர் சிவப்பு ஒயின் ஊற்றினால் ருசி கூடும் என்றும், கொதிக்கும்போது மது முழுவதும் ஆவியாகிவிடும், அச்சம் வேண்டாம் என்றும் ஒரு வரி வருகிறது. வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள் அதைப் படித்துவிட்டு, விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன்படியே குழம்பு வைத்தாள். கறியை வதக்கி, ஒயினை ஊற்றி, உடனே குக்கரை மூடி ஐந்து விசில் விட்டாள்.

என் மாமனார் எங்களோடு இருக்கிறார். அவர் குடியை விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். ஒன்றும் சொல்லாமல் தட்டை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளித் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். என் மகள் உங்கள் வரியைக் காட்டி, “அதில் மது இல்லை, தாத்தா” என்று சொன்னதற்கும் அவர் பதில் சொல்லவில்லை.

மது உண்மையிலேயே முழுவதும் போய்விடுகிறதா? போகாவிட்டால் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தது தவறா? நம் வீட்டுச் சமையலுக்கு ஒயின் அவசியம்தானா, அதே ருசியை வேறு வழியில் கொண்டுவர முடியாதா?

வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மது முழுவதும் ஆவியாகிவிடும் என்று நான் எழுதியது தவறு. பலரும் சொல்லிக் கேட்டதைச் சரிபார்க்காமல் எழுதியிருக்கிறேன். அந்த வரியை நம்பி உங்கள் மகள் சமைத்தாள், அந்த வரியைக் காட்டியே தாத்தாவிடம் பேசினாள் என்பதால், அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களில் முதல் ஆள் நான்தான். உங்கள் மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

ஆல்கஹாலின் கொதிநிலை ஏறத்தாழ 78 டிகிரி செல்சியஸ், தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரி, ஆகவே குழம்பு கொதிப்பதற்கு முன்பே ஆல்கஹால் போய்விடும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். தனி ஆல்கஹாலுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். தண்ணீரோடு கலந்துவிட்ட ஆல்கஹால் தண்ணீரோடு சேர்ந்தே ஆவியாகிறது. தொடக்கத்தில் அந்த ஆவியில் ஆல்கஹாலின் பங்கு அதிகமாக இருக்கும். குழம்பில் அது குறையக் குறைய ஆவியிலும் குறைந்துகொண்டே போகும். எனவேதான் முதல் கால் மணி நேரத்தில் பெரும்பகுதி வெளியேறினாலும், மிச்சமிருப்பது எளிதில் விட்டுப் போவதில்லை. 1992-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பலவகை உணவுகளைச் சமைத்து அளந்து பார்த்ததில், சமைக்கும் முறையைப் பொறுத்து, ஊற்றிய ஆல்கஹாலில் 4 சதவீதம் முதல் 85 சதவீதம் வரை உணவிலேயே தங்கியிருந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, கிளறிக் கொதிக்கவிட்ட உணவில் கால் மணி நேரத்துக்குப் பின் 40 சதவீதமும், ஒரு மணி நேரத்துக்குப் பின் 25 சதவீதமும், இரண்டு மணி நேரத்துக்குப் பின் 10 சதவீதமும், இரண்டரை மணி நேரத்துக்குப் பின்னும்கூட 5 சதவீதமும் மிஞ்சுகிறது.

நான் ஏற்காட்டில் சமைப்பவன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், இங்கே திறந்த சட்டியில் வெள்ளாட்டுக்கறி வேக இரண்டரை மணி நேரம்கூட ஆகும். அத்தனை நேரமும் ஆவி போய்க்கொண்டே இருக்கும் குழம்பைத்தான் நான் மனத்தில் வைத்து எழுதினேன். சமவெளியில் பெரும்பாலான வீடுகளில் கறி குக்கரில்தான் வேகும் என்பதை நினைக்கவில்லை. ஆவி வெளியேறத் திறந்த, அகன்ற பாத்திரம் வேண்டும். ஒயினை ஊற்றியதும் குக்கரை மூடிவிட்டால், ஐந்து விசிலோடு போகிற கொஞ்சம் ஆவியைத் தவிர மற்றதெல்லாம் உள்ளேயே சுற்றிக் குழம்பில் இறங்கிவிடும். உங்கள் மாமனாரின் மூக்கு அவருக்குப் பொய் சொல்லவில்லை. அன்று அந்தத் தட்டில் மது இருந்தது.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். 200 மில்லி ஒயினில் 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 26 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. திறந்த சட்டியில் இரண்டு மணி நேரம் கொதித்தால் மிஞ்சுவது இரண்டரை மில்லிக்குச் சற்று மேல். ஆறு பேர் பகிர்ந்து உண்டால் ஆளுக்கு அரை மில்லிக்கும் குறைவு. நன்கு கனிந்த பழத்திலும் புளித்த மாவிலும்கூட இயல்பாகவே துளி அளவு ஆல்கஹால் உண்டு. ஆகவே ஒரு வேளை உண்டதால் பிள்ளைகளுக்குக் கேடு வந்துவிட்டதோ என்று நீங்கள் கலங்க வேண்டாம். ஆனால் குக்கரில் வைத்த குழம்புக்கு இந்தக் கணக்கு செல்லாது என்பதாலும், பிள்ளைகளின் நாக்குக்கு அந்தச் சுவையை நாமே பழக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை என்பதாலும், அவர்கள் உண்ணும் உணவில் நான் இனி அதைச் சேர்க்க மாட்டேன். கருவுற்றிருப்பவர்களுக்கும் அப்படியே.

மாமனாரின் நிலை வேறு. அங்கே மில்லிக் கணக்குக்கே இடமில்லை. குடியிலிருந்து மீண்டவருக்கு அந்த மணமும் சுவையுமே பழைய வேட்கையைக் கிளப்பிவிடலாம். குடியை நிறுத்துவதற்காக டைசல்ஃபிரம் என்னும் மாத்திரையை உட்கொள்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். உணவில் கலந்த சிறிதளவு மதுகூட முகம் சிவத்தல், படபடப்பு, வாந்தி என்று உடலை வருத்தும். உங்கள் மாமனார் இப்போது எந்த மாத்திரையும் எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ஆனால் ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் தாமே முடிவெடுத்துத் தள்ளி வைத்த ஒன்றை, அவருக்குத் தெரியாமல் அவர் சோற்றில் கலந்துவிட்டோம். அவர் வாய் திறக்காமல் எழுந்து போனதில் எத்தனை கட்டுப்பாடு இருக்கிறது என்று நினைக்கையில் எனக்கு அவர்மேல் பெரும் மதிப்பு உண்டாகிறது.

சேலத்துக்காரர்களான நமக்கு இது புதிய செய்தியும் அல்ல. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி பின்னர் சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராகி, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். அந்தச் சட்டம் சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் குடியால் நொந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை தலைமுறைகளாக இருந்திருக்கின்றன என்பதற்கு அந்தத் தேதி ஓர் அடையாளம். பிராந்தி, விஸ்கி விற்கும் கடையையே நம் ஊர்களில் வெகுகாலம் ‘ஒயின் ஷாப்’ என்றுதான் சொல்லி வந்தோம். எனவே பிரான்சிலோ இத்தாலியிலோ சமையலறைப் பொருளாக மட்டும் ஒலிக்கும் ஒரு சொல், நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் காதில் வேறு விதமாகத்தான் விழும். சமையல் குறிப்பு எழுதுகிறவன் இதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒயின் கறியில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அது அவசியமா என்பது தானே விளங்கும். அது முதலில் புளிப்பைத் தருகிறது. திராட்சையின் முதன்மையான அமிலத்துக்கு டார்டாரிக் அமிலம் என்று பெயர். நம் புளியின் முதன்மையான அமிலமும் அதே டார்டாரிக் அமிலம்தான். எலுமிச்சையில் இருப்பது வேறு, தயிரில் இருப்பது வேறு. திராட்சையையும் புளியையும் இந்த ஒன்று சேர்த்து வைக்கிறது. கொழுப்பு மிகுந்த கறிக்கு அங்கே ஒயின் செய்யும் வேலையை, இங்கே நம் அம்மாக்கள் புளியைக் கரைத்து ஊற்றிச் செய்து வந்திருக்கிறார்கள். அடுத்து, திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் துவர்ப்பு. அது கறியின் புரதத்தோடு சேரும்போது நாக்கில் உறைக்காமல் குழம்புக்குக் கனம் தருகிறது. காய்கறிக் கூட்டில் சிவப்பு ஒயின் ஊற்றினால் வாய் வறண்டுபோவது போலத் தோன்றுவது, அங்கே துவர்ப்பைத் தாங்கும் புரதம் குறைவு என்பதால்தான். கடைசியாக, தண்ணீரில் கரையாத சில மணப் பொருள்களை ஆல்கஹால் கரைத்து மேலே கொண்டுவருகிறது. இது ஒன்றுதான் மதுவுக்கே உரிய வேலை. மசாலாவை எண்ணெயில் வதக்கும்போது, அந்த மணத்தில் பெரும்பகுதியை எண்ணெய் வாங்கிக்கொண்டுவிடுகிறது. அவசியமா என்று கேட்டால், நம் குழம்புக்கு அவசியமில்லை என்பதே என் பதில்.

இருந்தாலும், உண்பவர்கள் அனைவரும் பெரியவர்கள், அனைவருக்கும் தெரியும், அனைவரும் ஒப்புக்கொண்டார்கள் என்ற நிலையில் உங்கள் மகள் தன் இருப்பிடத்தில் சமைக்க விரும்பினால், சரியான முறையைச் சொல்வதும் என் கடமை. இங்கே ஓர் எஸ்டேட் பங்களாவில் பல ஆண்டுகள் பட்லராக இருந்த முதியவர் ஒருவரிடம் இதைக் கற்றேன். கறி சிவந்து, வெங்காயம் சுருண்டு, சட்டியின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் அவர் ஒயினை ஊற்றுவார். மரக்கரண்டியால் அந்த ஒட்டலைச் சுரண்டிக் கரைப்பார். தண்ணீர் ஊற்ற மாட்டார், மூட மாட்டார். ஒரு தம்ளர் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும் வரை நின்று பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு உள்ளங்கையை வளைத்துச் சட்டியின் மேலிருந்து ஆவியை மூக்குப் பக்கம் இழுப்பார். மூக்கின் உட்புறம் சுள்ளென்று எரிந்தால் தலையசைத்துவிட்டு மீண்டும் காத்திருப்பார். எரிச்சல் போய், திராட்சையை வேகவைத்த மணம் மட்டும் வந்த பின்தான் தண்ணீர். முடிக்கும் தறுவாயில் ஒயின் ஊற்றுவதை அவர் ஒருபோதும் ஏற்றதில்லை. இனிப்பான ‘போர்ட்’ வகைகளைக் குழம்பில் சேர்த்தால் வெல்லம் போட்டதுபோல் ஆகிவிடும். சமையலுக்கென்றே விற்கும் ஒயினில் உப்பு கலந்திருக்கும். இனிப்பில்லாத வகைதான் வேண்டும். பாத்திரம் எவர்சில்வராகவோ மண்சட்டியாகவோ இருக்கட்டும். அலுமினியத்தை அமிலம் அரிக்கும், இரும்புச் சட்டியில் துவர்ப்பு சேர்ந்து குழம்பு மை போலக் கறுக்கும். தேங்காய்ப்பால் சேர்க்கும் குழம்பில் ஒயின் வேண்டவே வேண்டாம், திரிந்துவிடும்.

இனி உங்கள் வீட்டுக்கு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது, நம் சேலத்துப் பழக்கடைகளிலும் கிடைக்கிறது. ஒரு கிலோ கறிக்கு அரைக் கிலோ பழம் எடுத்து, நன்றாகக் கழுவி, தோலோடு கையாலேயே பிசையுங்கள். மிக்சியில் அடிக்காதீர்கள், விதை உடைந்தால் கசக்கும். ஒரு தம்ளர் தண்ணீர் சேர்த்து உடனே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும், ஏனென்றால் திராட்சைத் தோலில் இயல்பாகவே ஈஸ்ட் இருக்கிறது. பிசைந்ததை இரவு முழுவதும் வெளியே வைத்தால் அது நொதிக்கத் தொடங்கி, நாம் எதை வேண்டாம் என்கிறோமோ அதுவாகவே மாற ஆரம்பித்துவிடும். சிறுதீயில் இருபது நிமிடம் வெந்ததும் துணியில் வடிகட்டி, ஒரு தம்ளர் அளவுக்குச் சுண்டவைத்து, சிறு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கறி சிவந்த பின் இதை ஊற்றி, பட்லர் செய்ததுபோலவே அடியைச் சுரண்டிப் பாதியாக வற்றவிடுங்கள். பழச்சர்க்கரை இருப்பதால் அடிபிடிக்கும். தீயைக் குறைத்துக் கூடவே நில்லுங்கள். அதன் பின் தண்ணீர் ஊற்றிக் குக்கரை மூடலாம், இப்போது தடையில்லை. இறக்கும்போது எங்கள் மலை மிளகைக் கொரகொரப்பாகத் தட்டிப் போடுங்கள். ஒயின் ஊற்றிய குழம்பின் நகலாக இது இருக்காது. நிறமும் புளிப்பும் துவர்ப்பும் கூடி வந்த வேறொரு நல்ல குழம்பாக இருக்கும்.

பன்னீர் திராட்சையின் மணமும் சற்று ஒயினை நினைவூட்டக்கூடும். ஆகவே பழத்தைப் பிசையும்போதே உங்கள் மாமனாரிடம் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால், திராட்சையை விட்டுவிட்டுப் புளியும் மிளகும் மட்டும் போட்டு வையுங்கள். மிச்சமிருக்கும் ஒயின் பாட்டிலை இன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்திவிடுங்கள். நடந்ததை அவரிடம் மறைக்காமல் பேசுங்கள். உங்கள் மகளே பேசினால் இன்னும் நல்லது. எழுதியவன் தவறு செய்துவிட்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறான் என்பதையும் அவள் சொல்லட்டும்.

பழைய கட்டுரையிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டேன். அதன் தொடக்கத்திலேயே, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மது மிஞ்சும் என்ற கணக்கையும், உண்பவரிடம் சொல்லாமல் இதைப் பரிமாறக் கூடாது என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து