கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளியில் மன்றம், சேவை, விடுதி வாழ்க்கை எல்லாம் பிள்ளைக்கு உண்மையிலேயே உதவுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: "மகளை ஒன்பதாம் வகுப்பில் கன்னியர் நடத்தும் கத்தோலிக்கப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அங்கே மன்றம், சேவை, விழா என்று வருடம் முழுக்க ஏதாவது நடக்குமாம். இதெல்லாம் பிள்ளைக்கு உதவுமா, படிப்பைக் கெடுக்குமா? விடுதி எப்படி இருக்கும்?"

நான் தென் மாவட்டம் ஒன்றில் இப்படி ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவள். கடைசி சில வருடங்கள் விடுதியில் இருந்தேன். எங்கள் வீடு முருகனைக் கும்பிடும் வீடு. என்னைச் சேர்க்கும்போது என் அப்பாவும் இதே கேள்விகளோடுதான் இருந்தார்.

சேர்க்கலாம். ஆனால் எத்தனை மன்றம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சேர்க்காதீர்கள். மன்றத்தின் நோட்டு, அலமாரிச் சாவி, வரவு செலவுக் கணக்கு எல்லாம் பிள்ளைகள் கையில் இருக்கிறதா, ஆசிரியர் மேசையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைத்து, அடுத்த வாரம் மறக்காமல் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கிற பள்ளி என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் நிறையப் பெயர்கள் தெரியும். சாரணியர், ஜே.ஆர்.சி. என்கிற இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம், தமிழ் மன்றம் இதெல்லாம் பல பள்ளிகளிலும் உண்டு. கத்தோலிக்கப் பள்ளியில் கூடுதலாக மரியாயின் சேனை, நற்கருணை வீரர் சபை போன்றவை இருக்கும். இவை பக்தி சார்ந்தவை, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கானவை. அப்புறம் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம். நாங்கள் ஒய்.சி.எஸ். என்போம். மற்ற சமயப் பிள்ளைகளும் சேரலாம் என்பதற்காக இளம் மாணவர் இயக்கம் என்ற பெயரும் அதற்கு உண்டு. என்னை உருவாக்கியது அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதன் வழிமுறை மூன்று படி: பார், சீர்தூக்கு, செயல்படு. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் கார்டைன் என்ற குரு வகுத்தது. பிரசெல்ஸ் பக்கத்தில் லேக்கன் என்ற பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த பகுதியில், வேலைக்குப் போன இளம்பெண்களோடு 1912 முதல் கூடிக் கூடிப் பேசியதில்தான் அவருக்கு இந்த வழி பிடிபட்டது. 1925-இல் இளம் தொழிலாளர் இயக்கமாக அது முறையாக எழுந்தது. 1961-இல் திருத்தந்தை (போப்) இருபத்து மூன்றாம் யோவான் தம் சுற்றுமடலிலேயே இந்த மூன்று படிகளைப் பரிந்துரைத்தார். ஆனால் எங்களுக்கு இந்த வரலாறு எதுவும் அப்போது தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வியாழக்கிழமை சாயங்காலம், ஒரு புங்கமரம், ஒரு நீள நோட்டு.

கடைசி மணி அடித்ததும் ஏழெட்டுப் பேர் மரத்தடியில் கூடுவோம். சிஸ்டர் வந்து உட்காருவார், அதிகம் பேசமாட்டார். ஒருத்தி நோட்டில் எழுதுவாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்த வாரம் என்ன பார்த்தீர்கள்? ஒரு தடவை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "பிரேயர் முடியும்வரை கேட்டுக்கு வெளியே நிற்கிறவங்க தினமும் அதே ஆளுங்கதான்" என்றாள். எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லேட்டாக வந்தால் வெளியே நிற்க வேண்டும் என்பது விதி, அதில் பேச என்ன இருக்கிறது என்றே நினைத்திருந்தோம். சிஸ்டர், "யார் யாருன்னு எழுதிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

எழுதிப் பார்த்தால் அநேகமாக எல்லாருமே இரண்டு கிராமத்திலிருந்து ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். அதை விட்டால் அதற்கு முந்தைய வண்டி விடியற்காலையில். அதில் வருவதென்றால் வீட்டில் தண்ணீர் பிடித்து, தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு வர முடியாது. அடுத்த வாரம் சிஸ்டர் மாற்கு நற்செய்தியில் ஒரு சிறு பகுதியை வாசித்தார். ஓய்வுநாள் மனிதருக்காக உண்டானது, மனிதர் ஓய்வுநாளுக்காக உண்டாகவில்லை என்று இயேசு சொல்கிற இடம். அதன் பிறகு ஒரு மணி நேரம் நாங்கள்தான் பேசினோம். விதி யாருக்காக? கேட்டைச் சாத்துவதால் யார் திருந்துகிறார்கள்? பஸ்ஸைத் திருத்த முடியுமா, பள்ளியைத் திருத்த முடியுமா?

இரண்டையும் முயன்றோம். பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கி, நாங்களே மனு எழுதி, பஸ் டிப்போவில் போய்க் கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள், நான் படித்து முடிக்கும்வரை அந்த பஸ் நேரம் மாறவில்லை. ஹெச்.எம். சிஸ்டர் எங்கள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, அந்த பஸ்ஸில் வருகிறவர்கள் தனி வரிசையில் நேரே உள்ளே வரலாம் என்றார். கூடவே ஒரு நிபந்தனை வைத்தார்: அந்தப் பெயர்ப் பட்டியலை நாங்கள்தான் பராமரிக்க வேண்டும், தினமும் காலையில் எங்களில் ஒருத்தி கேட்டில் நின்று பெயரைக் குறித்து அவர் அறையில் வைக்க வேண்டும். பரீட்சை நாளிலும் மழை நாளிலும் முறை வைத்து நின்றோம். மனு கொடுத்தது ஒருநாள் உற்சாகம். கேட்டில் நின்றது வருடம் முழுக்க. ஈடுபாடு என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கேட்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இதே மாதிரிதான் ஈஸ்டருக்கு முன்னால் வரும் நோன்புக் காலமான தவக்காலத்துப் பிடி அரிசியும். வகுப்புக்கு ஒரு டின். சமைக்க எடுக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்துக் கொண்டு வரவேண்டும். ரேஷன் புழுங்கல், பொன்னி, பச்சரிசி எல்லாம் ஒரே டின்னில் விழும். அதை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது அங்கே சமைக்கிற அக்கா, "ஒண்ணு குழையுது, ஒண்ணு விறைக்குது, பெரியவங்க எப்படிம்மா சாப்பிடுவாங்க?" என்று கேட்டார். அந்த வாரமே வகுப்புக்கு மூன்று டின் வந்தது. ஏற்கெனவே கலந்துபோனதை நாங்கள் முறத்தில் போட்டுப் பிரிக்க முயன்று, முடியாமல், கடைசியில் மாவாக அரைத்துக் கொடுத்தோம். கொடுக்கிறவர் வசதிக்குக் கொடுப்பதும் வாங்குகிறவர் வயிற்றுக்குக் கொடுப்பதும் வேறு வேறு என்பது பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் புரிந்தது.

கன்னியர் பள்ளிகளில் இந்தப் பழக்கம் ஏன் இப்படி ஊறியிருக்கிறது என்று யோசித்திருக்கிறேன். அவர்கள் வாழ்வதே கூட்டு வாழ்க்கை. ஒரே மணிக்கு எழுந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, சம்பளத்தைக்கூடப் பொதுவில் போட்டு வாழ்கிறவர்கள். தெரிந்ததைத்தான் பள்ளியிலும் செய்கிறார்கள். இது இன்று நேற்று வந்ததும் இல்லை. சென்னை சர்ச் பார்க் பள்ளியை 1909-இல் தொடங்கிய பிரசென்டேஷன் கன்னியர் 1842-இலேயே அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். 1844-இல் புதுச்சேரியில் லூயி சவீனியன் துப்புயி என்ற பிரெஞ்சு குரு, பெண்பிள்ளைகளின் படிப்புக்கென்றே உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு ஒரு சபையைத் தொடங்கினார். தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்தவர்களில் அவரும் ஒருவர். பெண்ணைப் படிக்க வைப்பதே பெரிய விஷயமாக இருந்த காலத்தில், கல்யாணம் செய்துகொள்ளாமல் நாலு பெண்கள் சேர்ந்து வாழ்ந்து பள்ளி நடத்தினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை வருகிறது.

சரி, விடுதி. எங்கள் விடுதியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை கலந்து பத்துப் பன்னிரண்டு பேராகக் குழு பிரித்திருந்தார்கள். பிளஸ் ஒன் அக்கா ஒருத்தி குழுத் தலைவி. சின்னப் பிள்ளைகளுக்குத் தலை பின்னி ரிப்பன் கட்டிவிடுவது, சனிக்கிழமை வேப்பெண்ணெய் தேய்த்துப் பேன் சீப்பால் வாருவது, காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கி வந்து கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. வார்டன் சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை சின்னவர்களைத் தனியாகக் கூப்பிட்டு அக்கா எப்படி நடத்துகிறாள் என்று கேட்பார். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டுத் திண்ணையா முற்றமா என்று முடிவு செய்யும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அங்கே ஒரே பந்தியில் உட்கார்ந்து, அடுத்தவள் தட்டைக் கழுவிவைத்தோம். அதைப் பற்றி யாரும் எங்களுக்குப் பேச்சுப் போட்டி வைக்கவில்லை. முறை வந்தது, கழுவினோம்.

இங்கேதான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியதும் இருக்கிறது. பின்னாளில் நான் போய்ப் பார்த்த ஒரு விடுதியில், கட்டணச் சலுகை பெற்ற பிள்ளைகள்தான் சமையலறையில் அதிக நேரம் நின்றார்கள். மற்றவர்கள் அப்போது படித்துக்கொண்டிருந்தார்கள். அது கூட்டு வாழ்க்கை இல்லை, ஏழைப் பிள்ளையிடம் வேலை வாங்குவது. ஆகவே சேர்க்கப் போகும்போது வேலை முறை அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும். எல்லார் பெயரும் எல்லா வேலையிலும் சுற்றி வருகிறதா என்று பாருங்கள். அதே போல எஸ்.பி.எல்., ஏ.எஸ்.பி.எல். என்கிற பள்ளி மாணவர் தலைவியும் துணைத் தலைவியும் யார் என்று கேளுங்கள். வருடா வருடம் நன்றாக இங்கிலீஷ் பேசுகிற, மேடையில் எடுப்பாகத் தெரிகிற பிள்ளையே வருகிறாளா, அல்லது வகுப்புகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களா என்பதில் நிறையத் தெரிந்துவிடும். பணிவை மட்டும் பாராட்டுகிற பள்ளியும் உண்டு. அங்கே பிள்ளை நல்ல பெயர் வாங்குவாள், ஆனால் எதிர்த்து ஒரு கேள்வி கேட்கப் பழகமாட்டாள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

மதம் பற்றி. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது அவர்கள் சமயப் பாடம், நடக்கும் நேரத்தில் எங்களுக்கு நன்னெறி வகுப்பு. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையைச் சமய போதனையில் பங்கேற்க வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவே சொல்கிறது. மாதத்தின் முதல் வெள்ளியன்று நடக்கும் திருப்பலிப் பூசைக்கு என்னை யாரும் கட்டாயப்படுத்தியது கிடையாது. ஆனால் பரீட்சைக் காலத்தில் மாதா சொரூபம் வைத்த குகை போன்ற கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற கூட்டத்தில் பாதிப்பேர் திருநீறு வைத்தவர்களாகத்தான் இருப்பார்கள், அதில் நானும் உண்டு. கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்கு மூன்று நாள் வைக்கோலும் களிமண்ணுமாக அலைவதற்கு மதம் குறுக்கே வந்ததே இல்லை.

மார்க் விஷயம். ஒன்பதாம் வகுப்பு இதற்கெல்லாம் நல்ல வயது. பத்தாம் வகுப்பில் எல்லாப் பள்ளியிலும் கயிற்றை இறுக்கிவிடுவார்கள். தலைமைப் பொறுப்புகள் பிளஸ் ஒன்னில்தான் வரும். 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தபோது பல பள்ளிகளில் அந்த வருடத்து மன்ற வேலைகள் சுருங்கிப்போயின. 2025-26 முதல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டதால் உங்கள் மகளுக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கலாம். என்.எஸ்.எஸ்.ஸில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் முகாம். கேட்க அதிகமாகத் தெரியும். வாரத்துக்குப் பிரித்தால் இரண்டரை மணி நேரம்கூட வராது. படிப்பு கெடுவது இதனால் இல்லை. ஆண்டு விழா நடனத்துக்காக வாரக்கணக்கில் வகுப்பிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனால் கெடும். அந்த வழக்கம் இருக்கிறதா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள், மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.

விடுதியில் சேர்ப்பதாக இருந்தால் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே சேருங்கள். குழு பிரிப்பதும் அக்காவை ஒதுக்குவதும் முதல் வாரத்தில் முடிந்துவிடும். நடுவில் வருகிற பிள்ளைக்குக் கட்டில் கிடைக்கும், ஆள் பிடிபடக் காலாண்டு வந்துவிடும். பெட்டியில் ஒரு பேன் சீப்பும், பெயர் தைத்த இரண்டு துண்டும் மறக்காமல் வைத்து அனுப்புங்கள்.