டிபன் பாக்ஸில் பாடம் நடத்த வேண்டாம்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளிக்குக் கட்டிக் கொடுக்கும் மதிய உணவு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை, எதை வைத்தாலும் வேண்டாம் என்கிற பிள்ளைகளைப் பற்றித்தான். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. விடியற்காலையிலேயே எழுந்து, சத்தாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்து அனுப்புகிறேன். சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. வீட்டில் இருக்கும் நாளில் ஓரளவு சாப்பிட்டுவிடுகிறான். எனக்கு அழுகையே வருகிறது.

பதில்: உங்கள் அழுகை எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டில் சாப்பிடுகிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் கவனியுங்கள். அவனுக்குச் சாப்பிடத் தெரிகிறது, பசியும் இருக்கிறது, சாப்பிடுகிற இடம்தான் வேறு. பள்ளியில் சுற்றிலும் ஒரே சத்தம், பக்கத்தில் பேசிக்கொண்டே இருக்கும் நண்பன், வெளியே காத்திருக்கும் விளையாட்டு, பிசைந்து கொடுக்கவோ மூடியைத் திறந்து கொடுக்கவோ ஆள் கிடையாது. இதற்கெல்லாம் நடுவில் கை கழுவி, இடம் பிடித்து உட்காருவதற்குள் நேரம் ஓடிவிடும். குழந்தை உட்கார்ந்த பிறகு சாப்பிடுவதற்கு மட்டுமே குறைந்தது 20 நிமிடம் கிடைக்க வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது, எத்தனை பள்ளிகளில் அது கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து பாருங்கள். காலையிலேயே டப்பாவைக் கட்டி மூடி வைத்துவிடுங்கள் (கெடாமல் வைக்கும் முறையைக் கீழே சொல்லியிருக்கிறேன்), மதியம் அதே ஆறிய சாப்பாட்டை அதே டப்பாவிலிருந்து அவனே திறந்து சாப்பிடட்டும், நீங்கள் உதவாமல் 15 நிமிடம் பக்கத்தில் சும்மா இருங்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதா, சோறு ஆறியதும் கட்டியாகிவிடுகிறதா, தொட்டுக்கொள்ள வைத்தது ஒழுகி எல்லாவற்றிலும் கலந்துவிடுகிறதா, மென்று முடிக்கவே நேரம் போகிறதா என்பதெல்லாம் கண்முன்னே தெரிந்துவிடும். பல வீடுகளில் சமையலை மாற்றவே தேவைப்படுவதில்லை, சுலபமாகத் திறக்கிற டப்பாவும், ஒரு வாயில் போடுகிற அளவுக்கு நறுக்கிய துண்டுகளும், இப்போது வைப்பதில் பாதி அளவும் போதுமானதாக இருக்கும். நிரம்பி வழிகிற டப்பாவைப் பார்த்தாலே சில பிள்ளைகளுக்குச் சாப்பிடும் எண்ணம் போய்விடும்.

அப்புறம், இந்தப் பகுதி முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகும் விஷயம் இதுதான். புது உணவைப் பழக்குகிற இடம் டிபன் பாக்ஸ் இல்லை. பழக்குவதை வீட்டில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, பசி கொஞ்சமாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். பள்ளிக்கு அனுப்புவது, நிச்சயம் சாப்பிடுவான் என்று உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கட்டும், அது வெறும் சோறும் வாழைப்பழமுமாக இருந்தாலும் சரி. மத்தியானம் முழுக்கப் பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, அந்தச் சத்தான சாப்பாடு டப்பாவுக்குள் இருந்து என்ன பயன்? அன்றைக்கு விட்டுப்போன காயையும் பருப்பையும் இரவுச் சாப்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம். சத்துக் கணக்கை ஒரு வேளைக்கு என்று போடாமல் ஒரு வாரத்துக்கு என்று போட்டுப் பாருங்கள், மனம் எவ்வளவோ லேசாகும்.

சாயங்காலம் வாசலிலேயே டப்பாவைத் திறந்து பார்த்து விசாரிப்பதையும் விட்டுவிடுங்கள். அவன் உடை மாற்றி, ஏதாவது சாப்பிட்டு, விளையாடிய பிறகு, "இன்றைக்கு எது சாப்பிடக் கஷ்டமாக இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: 4 வயது மகள் வெள்ளையாக இருந்தால்தான் தொடுவாள். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, தயிர், அவ்வளவுதான். காயை அரைத்து எதிலாவது மறைத்துக் கொடுத்து அனுப்பலாமா?

பதில்: ஏறக்குறைய 2 வயதிலிருந்து 6 வயது வரை புது உணவைக் கண்டு பயப்படுவது குழந்தை வளர்ச்சியிலேயே ஒரு கட்டம், பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போகப் போகக் குறையும். வெறும் சோறு நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கும், ரொட்டியும் அப்படித்தான். ஆனால் ஒரு காய் இன்றைக்கு இனிக்கும், நாளைக்குக் கசக்கும், ஒரு துண்டு மெத்தென்று இருக்கும், அடுத்தது நார் நாராக வரும். போதாக்குறைக்குச் சின்னப் பிள்ளைகள் கசப்பைப் பெரியவர்களைவிடக் கூடுதலாக உணர்கிறார்கள், ஒருவருக்கு எவ்வளவு கசக்கிறது என்பதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. அதனால் உங்கள் மகள் அடம் பிடிக்கிறாள் என்று நினைக்காதீர்கள், தனக்கு நம்பிக்கையானதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

மறைத்துக் கொடுப்பதில் எனக்கு இரண்டு தயக்கம். காயைப் பார்க்காமலே விழுங்குகிற பிள்ளைக்குக் காய் பழகுவதில்லை. இன்னொன்று, ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால், இதுவரை நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தயிரையோ ரொட்டியையோ கூடச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவாள், இருப்பதே நான்கு உணவு, அதில் ஒன்றை இழக்கக்கூடாது. அரைத்துச் சேர்ப்பதே தப்பு என்று சொல்லவில்லை, அவள் கண் எதிரில் அவளையே சேர்க்கச் சொல்லுங்கள்.

அவளுக்குப் பிடித்ததிலிருந்து ஒரே ஒரு அடி தள்ளிப் போங்கள். வேகவைத்த உருளைக்கிழங்கைச் சாப்பிடுகிறாளா, அதையே விரல் நீளத்துக்கு நறுக்கி வறுத்துக் கொடுங்கள். அது பழகியதும் அதே நீளத்தில், அதே மாதிரி வறுத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும், அப்புறம் கேரட். வடிவம், நிறம், ருசி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் போதும். ஒரு புது உணவு பழக 8 முதல் 15 தடவை வரை, சிலருக்கு அதற்கு மேலும், அது கண்ணில் பட்டு, கையில் பட்டு, நாக்கில் பட்டு வர வேண்டியிருக்கும். மூன்றாவது தடவை துப்பியதும் "இவளுக்கு இது பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோமே, அங்கேதான் வருத்தமாக இருக்கிறது. இதெல்லாம் வீட்டில். வீட்டில் பல முறை தயங்காமல் சாப்பிட்ட பிறகுதான் அந்தக் கேரட் டிபன் பாக்ஸுக்குள் போக வேண்டும்.

4 வயது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். திராட்சையை முழுதாக வைக்கவே கூடாது, நீளவாக்கில் நான்காக வெட்டி வையுங்கள். முழுக் கொட்டைகளும் கெட்டியான பச்சைக் கேரட் துண்டும் இந்த வயதில் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், கேரட்டை வேகவைத்துக் கொடுங்கள். பேச்சும் சிரிப்புமாகச் சாப்பிடுகிற வகுப்பறையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கேள்வி: ஆப்பிள் வெட்டி வைத்தால் மதியத்துக்குள் பழுப்பாகிவிடுகிறது. மகன் "அழுகிப்போச்சு" என்று தூக்கி எறிகிறான்.

பதில்: வெட்டிய இடத்தில் காற்று பட்டதும் பழத்தில் உள்ள ஒரு நொதி வேலை செய்வதால் வருகிற நிறம் அது, கெட்டுப்போனதில்லை. ஒரு கோப்பைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, துண்டுகளைச் சுமார் 10 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், உப்புக் கரிக்காது, நிறமும் மதியம் வரை பெரும்பாலும் தாங்கும். எலுமிச்சைச் சாறு தடவினாலும் சரிதான், புளிப்பு பிடிக்காத பிள்ளைக்கு உப்புத் தண்ணீரே நல்லது.

கேள்வி: வேலைக்குப் போகிறவள் நான். காலையில் நேரமே இல்லை. இரவே கட்டி வைத்துவிடலாமா?

பதில்: தாராளமாக, ஆனால் எதை இரவே செய்வது என்று பார்த்துச் செய்யுங்கள். காய் நறுக்குவது, டப்பாவைக் கழுவி எடுத்து வைப்பது, கெடாத தின்பண்டத்தைப் போட்டு வைப்பது எல்லாம் இரவே முடியட்டும். ரொட்டிக்கு நடுவில் வெள்ளரியோ தக்காளியோ வைப்பதாக இருந்தால், முதலில் ஓரம் வரை வெண்ணெய் தடவிவிடுங்கள், காயின் தண்ணீர் ரொட்டிக்குள் இறங்காது. ரொட்டி சொதசொதவென்று ஆனால், அது வேண்டாம் இது வேண்டாம் என்கிற பிள்ளை அன்றைக்குத் தொடாது.

சோறு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியே வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், அதில் வாந்தி வரவைக்கிற நஞ்சு மறுபடி சூடு செய்தாலும் போகாது. ஆகவே இரவு மிஞ்சிய சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும், அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டுக் காலையில் டப்பாவில் போடக் கூடாது. பொதுவாகவே 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கிற சமைத்த உணவில் கிருமிகள் வேகமாக வளரும். அப்படி 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது பொது விதி, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

காலையில் கட்டி மதியம் சாப்பிடுவதற்குள் இந்த நேரம் தாண்டிவிடுமே என்பீர்கள். அதனால்தான் ஒன்று நல்ல சூடாகவே இருக்க வேண்டும், இல்லை நல்ல குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். சூட்டுக்கு ஃபிளாஸ்க் வகை டப்பா. அதில் முதலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி 10 நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கிற உணவை உடனே போட்டு மூடுங்கள், வெறும் டப்பாவில் போடுவதைவிட அதிக நேரம் சூடு நிற்கும். குளிர்ச்சிக்கு, ஒரு சிறிய தண்ணீர் பாட்டிலை இரவே உறையவைத்து, வெப்பம் புகாத பையில் டப்பாவோடு சேர்த்து வையுங்கள், மதியம் குடிக்கவும் ஆகும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் முழுப் பழம், வெறும் ரொட்டி, சற்று வளர்ந்த பிள்ளையாக இருந்தால் வறுத்த கடலை மாதிரி கெடாதவற்றிலேயே அன்றைய டப்பாவை முடித்துவிடுங்கள்.

கேள்வி: "வேறு எதுவும் கொடுக்காதே, பசித்தால் தானாகச் சாப்பிடுவான்" என்கிறார் கணவர். மாமியார் "மிச்சம் வைக்காமல் வந்தால் சாக்லேட்" என்று ஆசை காட்டுகிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருக்கும் பிள்ளைமேல் இருக்கிற அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் இரண்டு வழியும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சாப்பாட்டைப் பரிசுக்கு விலையாக வைத்தால் பரிசின்மேல் ஆசை கூடும், சாப்பாடு கடமையாகிவிடும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் சூப்பை முடிக்கச் சொல்லி வற்புறுத்தியபோது, வற்புறுத்தாத வேளையைவிடக் குறைவாகவே குடித்தார்கள், சூப்பைப் பற்றிக் குறையும் அதிகமாகச் சொன்னார்கள். பட்டினி போடுவதும் வற்புறுத்தல்தான், சத்தம் போடாத வற்புறுத்தல்.

எல்லின் சேட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளச் சொன்னார். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் முடிவு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. வீட்டில் சண்டை ஓய இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. சாக்லேட் கொடுக்க மாமியாருக்கு ஆசையாக இருந்தால், பள்ளி அனுமதித்தால், ஒரு சின்னத் துண்டை எந்த நிபந்தனையும் இல்லாமல் சாப்பாட்டோடே வைத்துவிடட்டும். முதலில் அதைத்தான் சாப்பிடுவான், சாப்பிடட்டும்.

கேள்வி: 10 வயது மகள், "வாடை அடிக்குது" என்று தோழிகள் சொன்னதிலிருந்து முட்டை கொண்டுபோக மாட்டேன் என்கிறாள். – ஓர் அப்பா

பதில்: அவள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் ஐயா, அந்த வயதில் தோழிகள் முன்னால் கூசிப்போவது சின்ன விஷயமே இல்லை. முட்டையை அதிக நேரம் வேகவிட்டால்தான் அந்தக் கந்தக வாடை கூடும், மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வருவதும் அதனால்தான். 10, 12 நிமிடத்தில் எடுத்து உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் குறையும். அந்த முட்டையைக் காலை உணவுக்கு வீட்டிலேயே கொடுத்துவிட்டு, மதியத்துக்கு என்ன என்று அவளிடமே கேளுங்கள். இரண்டு மூன்றைச் சொல்லித் தேர்ந்தெடுக்க விடுங்கள், கட்டுவதையும் அவளே கட்டட்டும், 10 வயதுக்கு முடியும்.

கேள்வி: எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பதில்: எடை குறைந்தாலோ, வளர்ச்சி நின்றதுபோலத் தெரிந்தாலோ, சாப்பிடுகிற உணவுகள் ஒவ்வொன்றாகக் கழன்று பட்டியல் சுருங்கிக்கொண்டே போனாலோ, விழுங்கும்போது அடிக்கடி குமட்டினாலோ, அடைத்துக்கொண்டாலோ தாமதிக்காதீர்கள். வெளிறிப்போய்ச் சோர்ந்தே இருந்தால் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தை நாள் முழுக்கப் பால் குடித்துக்கொண்டே இருந்தால் பசியும் எடுக்காது, இரும்புச்சத்தும் குறையும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் பசி எடுக்காது. உணவைத் தவிர்ப்பது உடல்நலத்தையே பாதிக்கிற அளவுக்குப் போனால் அது ஒரு தனிக் கோளாறு, 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலேயே அதைச் சேர்த்திருக்கிறார்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னாலும், உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மாதக்கணக்காகத் தினமும் ஒரே சாப்பாடுதான் கேட்கிறான். கொடுத்துக்கொண்டே இருக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஒரே பயம், திடீரென்று ஒரு நாள் அதுவே வெறுத்துப்போய், கையில் வேறு எதுவும் இல்லாமல் நிற்பீர்கள். அதனால் இப்போதே சின்னச் சின்னதாக மாற்றி வாருங்கள். இன்று முக்கோணமாக வெட்டிய ரொட்டி, நாளை சதுரம், அடுத்த வாரம் வேறு கடை ரொட்டி. மாற்றப்போவதை முதல் நாள் இரவே அவனிடம் சொல்லிவிடுங்கள், டப்பாவைத் திறக்கும்போது அவனுக்கு அது புதிதாக இருக்கக் கூடாது.