அனார்க்கிசம் பேசப் போகிறீர்களா? அரசிலிருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் ‘அனார்க்கிசம்: ஓர் அறிமுகம்’ என்று நாற்பது நிமிடம் பேச என் பெயரைப் போட்டுவிட்டார்கள். மூன்று கேள்விகள் கட்டாயம் வரும். அராஜகம் என்றால் கலவரம்தானே? கம்யூனிசத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ‘சொத்து என்பது திருட்டு’ என்றால் என் வீட்டையும் பிடுங்கிக்கொள்வார்களா? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: மூன்றாவதிலிருந்து. பலரும் அரசிலிருந்து தொடங்கி அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். ‘போலீஸ் இல்லாவிட்டால் திருடனை யார் பிடிப்பது?’ என்று முன்வரிசையில் ஒருவர் கேட்பார். மிச்ச நேரம் திருடன் கதையிலேயே போய்விடும். யாரும் யார் மேலும் அதிகாரம் செலுத்தாத சமூகம் வேண்டும் என்னும் அனார்க்கிசம் ஓர் இயக்கமாகத் திரண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர்களிடையே. அவர்கள் அன்றாடம் முகத்துக்கு நேரே பார்த்த அதிகாரம் அரசருடையது அல்ல, முதலாளியுடையது.

சொல்லைப் பற்றி ஒரு நிமிடம் செலவிடலாம். ‘அராஜகம்’ என்றால் அரசன் இல்லாத நிலை. கிரேக்க மூலச் சொல்லுக்கும் ஆள்பவர் இல்லாத நிலை என்றுதான் பொருள். ஆள்பவர் இல்லையென்றால் குழப்பம்தான் என்று இரண்டு மொழிகளுமே முடிவுகட்டிவிட்டன. வாதம் நடக்கும் முன்பே சொல் தீர்ப்பு எழுதிவிட்டது. 1840-இல் பிரான்ஸின் பியேர் ஜோசப் புரூதோன் அந்த வசைச்சொல்லையே எடுத்து ‘நான் ஓர் அனார்க்கிஸ்ட்’ என்று தனக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார். தமிழில் ‘அரசின்மைவாதம்’ என்ற சொல்லும் புழங்குகிறது. எனக்கு அதில் பாதி மனதுதான். அரசு மட்டுமே இலக்கு என்ற எண்ணத்தை அது தந்துவிடுகிறது.

இனி வீட்டுக் கேள்வி. புரூதோன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். ‘சொத்து என்பது திருட்டு’ என்று அவர் எழுதியதை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், அதே நூலில் அவர் இழுத்த கோட்டை மறந்துவிடுகிறார்கள். நம் பத்திரங்களில் வரும் ‘அனுபோகம்’ என்ற சொல் இங்கே கைகொடுக்கும். நீங்கள் குடியிருக்கும் வீடு, நீங்களே ஓட்டும் தையல் இயந்திரம், நீங்களே உழும் நிலம் எல்லாம் அனுபோகம். அதன் மேல் அவருக்குச் சண்டை இல்லை. நூறு வீடு வைத்துக்கொண்டு ஒன்றில் குடியிருந்து மீதி தொண்ணூற்றொன்பதுக்கும் வாடகை வாங்குவதுதான் அவர் சொல்லும் சொத்து. பொருளை நீங்கள் பயன்படுத்துகிறீர்களா, அல்லது அதைப் பயன்படுத்தும் இன்னொருவர் மேல் அது உங்களுக்குப் பிடி கொடுக்கிறதா என்பதுதான் உரைகல். ஆறு மாதம் வெளியூர் போனால் வீடு கைவிட்டுப் போய்விடுமா என்று யாராவது மடக்குவார்கள். நியாயமான கேள்வி. கோட்டை எந்த இடத்தில் இழுப்பது என்பதில் அனார்க்கிஸ்டுகளுக்குள்ளேயே ஒரே குரல் கிடையாது. அதை ஒளிக்க வேண்டாம்.

இதன் பிறகு புரூதோனின் தூண் உதாரணத்தைச் சொல்லுங்கள். எகிப்தின் லக்ஸரிலிருந்து கொண்டுவந்த பெரிய கல்தூணை 1836-இல் பாரிஸின் நடுவே நிறுத்தினார்கள். இருநூறு படைவீரர்கள் சில மணி நேரத்தில் அதை நிமிர்த்திவிட்டார்கள், அதையே ஒரே ஆள் இருநூறு நாளில் செய்திருப்பானா என்று அவர் கேட்கிறார். செய்திருக்க முடியாது. ஆனால் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இருநூறு பேரின் ஒரு நாள் கூலியும் ஒருவனின் இருநூறு நாள் கூலியும் ஒரே தொகை. அப்படியானால் எல்லோரும் ஒரே நேரத்தில் தோள் கொடுத்ததால் பிறந்த அந்தக் கூடுதல் பலத்துக்கு யார் விலை கொடுத்தது? யாரும் இல்லை, அது முதலாளியின் பையில் விழுந்தது. திருட்டு என்று அவர் சொன்னதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்றுசேர்த்தவர், திட்டம் போட்டவர், நட்டம் வந்தால் தாங்குபவர் ஆகியோருக்குப் பங்கு வேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். பங்கு வேண்டும். முழுவதும் ஏன் அவருக்கே, அதுவும் தலைமுறை தலைமுறையாக ஏன் என்பதுதான் எதிர்க்கேள்வி.

இவ்வளவும் பணக் கணக்கு. அனார்க்கிசத்தின் தனிக்குரல் இதற்கு அடுத்த படியில்தான் கேட்கும்: சம்பளத்தை இரண்டு மடங்காக்கினாலும் தொழிலாளர்களின் குறை தீராது. எப்போது வருவது, என்ன செய்வது, எவ்வளவு வேகத்தில் செய்வது, சில இடங்களில் எப்போது கழிப்பறைக்குப் போவது என்பது வரை இன்னொருவர் தீர்மானிக்கிறார். வாக்குச்சாவடியில் குடிமக்களாக இருப்பவர்கள் தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் ஏவலாட்களாகிவிடுகிறார்கள். விரும்பித்தானே ஒப்பந்தம் போட்டார்கள் என்பது வழக்கமான பதில். எந்த முதலாளி என்று தேர்ந்தெடுக்கலாம், முதலாளியே வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க வழியில்லாதவருக்கு அது என்ன விருப்பம் என்று அனார்க்கிஸ்டுகள் திருப்பிக் கேட்பார்கள். இந்த இடத்தில் நான் அவர்கள் பக்கம்தான் சாய்வேன். ஆனாலும் சேமிப்பு உள்ளவர், சொந்தத் தொழில் தொடங்கக்கூடியவர், அரசு உதவித்தொகை பெறுபவர் என்று நிலைமை ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது அரசு தானாகவே உள்ளே வரும். தொண்ணூற்றொன்பது வீட்டுக்காரரின் உரிமையைக் காப்பது யார்? சந்தை இயல்பாக முளைத்தது, அரசு பிறகு வந்து தலையிட்டது என்ற கதையை அவர்கள் ஏற்பதில்லை. இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்களை வேலியடைத்துத் தனியார் நிலமாக்க, சில நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்களை நிறைவேற்றியது. ஆப்பிரிக்கக் காலனிகளில் குடிசைக்கு வரி போட்டு அதைக் காசாகக் கட்டச் சொன்னார்கள். காசு வேண்டுமென்றால் தோட்டத்துக்கோ சுரங்கத்துக்கோ கூலிக்குப் போயாக வேண்டும். கூலியாள் என்ற வர்க்கத்தை உருவாக்கியதிலேயே அரசின் கை இருக்கிறது. ஆகவே அரசை வைத்துக்கொண்டு முதலாளித்துவத்தை மட்டும் ஒழிப்பதோ, முதலாளித்துவத்தை வைத்துக்கொண்டு அரசை மட்டும் ஒழிப்பதோ நடக்காது என்பது அவர்கள் முடிவு. இருபதாம் நூற்றாண்டில் ‘அனார்க்கோ முதலாளித்துவம்’ பேசியவர்களைப் பெரும்பாலான அனார்க்கிஸ்டுகள் தங்கள் ஆட்களாகவே கருதாததற்கும் இதுதான் காரணம்.

கம்யூனிசத்தோடு உள்ள வித்தியாசம் இலக்கில் குறைவு, வழியில் அதிகம். முதல் அகிலம் என்ற பன்னாட்டுத் தொழிலாளர் சங்கத்தில் மார்க்ஸும் ரஷ்ய அனார்க்கிஸ்ட் மிகயீல் பக்கூனினும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். 1872-இல் ஹேக் மாநாட்டில் பக்கூனின் வெளியேற்றப்பட்டார். தொழிலாளர்கள் அரச அதிகாரத்தைக் கைப்பற்றினால் வர்க்கங்கள் மறையும், பிறகு அரசும் உதிர்ந்துபோகும் என்பது மார்க்சிய வாதம். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் புதிய ஆளும் கூட்டமாகிவிடுவார்கள் என்றார் பக்கூனின். சோஷலிசம் இல்லாத சுதந்திரம் சலுகையும் அநீதியும், சுதந்திரம் இல்லாத சோஷலிசம் அடிமைத்தனமும் கொடூரமும் என்று அவர் சொன்னதைத் துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் உதவும். 1921 மார்ச்சில் ரஷ்யக் கடற்படைத் தளமான க்ரோன்ஸ்டாட்டின் மாலுமிகளின் கிளர்ச்சியைச் சோவியத் அரசே படை அனுப்பி அடக்கியபோது, அவர் எச்சரித்தது நடந்துவிட்டது என்று அனார்க்கிஸ்டுகள் சொன்னார்கள்.

அப்படியானால் யார் பேச்சையும் யாரும் கேட்க வேண்டாமா? பூட்ஸ் விஷயத்தில் பூட்ஸ் தைப்பவர் சொல்வதைக் கேட்பேன் என்று பக்கூனினே எழுதியிருக்கிறார். அறிவின் சொல்லுக்குச் செவிகொடுப்பது வேறு, மறுக்க முடியாத கட்டளைக்குக் கீழ்ப்படிவது வேறு.

கலவரக் கேள்வியைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வையுங்கள். எட்டு மணி நேர வேலை கேட்டு சிகாகோவில் நடந்த போராட்டத்தின்போது, 1886 மே 4 அன்று ஹேமார்க்கெட் கூட்டத்தில் குண்டு வெடித்தது. வீசியது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. எட்டு அனார்க்கிஸ்டுகளைக் குற்றவாளிகள் என்றார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் நால்வரைத் தூக்கிலிட்டார்கள்; ஒருவர் முந்திய நாளே சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். விசாரணையே நேர்மையற்றது என்று கூறி, மீதி மூவரை 1893-இல் ஆளுநர் விடுவித்தார். மே தினத்தின் வேர் அந்தப் போராட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். 1894-இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர், 1900-இல் இத்தாலிய மன்னர், 1901-இல் அமெரிக்க அதிபர் ஆகியோரைக் கொன்றவர்கள் தங்களை அனார்க்கிஸ்டுகள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அந்த வழியை வெறுத்தவர்களும் இயக்கத்தில் நிறைய. அனார்க்கிஸ்ட் என்றால் வெடிகுண்டு வீசுபவன் என்ற கேலிச்சித்திரம் நிலைத்துப்போனதற்கு எதிரிகளை மட்டும் குறை சொல்ல முடியாது.

‘எங்காவது நடந்திருக்கிறதா?’ என்றால் ஸ்பெயின். 1936 ஜூலையில் ராணுவக் கலகம் வெடித்ததும், அனார்க்கிஸ்டுகளின் சிஎன்டி தொழிற்சங்கத்தார் பார்சலோனாவின் டிராம்களைத் தாங்களே ஏற்று ஓட்டினார்கள். அரகோன் கிராமங்களில் நிலத்தைக் கூட்டாகப் பயிரிட்டார்கள். சில ஊர்கள் பணத்தையே கைவிட்டுப் பார்த்தன. விரும்பிச் சேர்ந்த விவசாயிகளும் உண்டு, துப்பாக்கிக்குப் பயந்து சேர்ந்தவர்களும் உண்டு. அந்த ஆண்டு நவம்பரில் அதே சிஎன்டியிலிருந்து நால்வர் அமைச்சர்களானார்கள்! போர் நெருக்கடி கொள்கையை எப்படி வளைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1939-இல் கலகப் படைத் தலைவர் பிராங்கோவின் வெற்றியோடு எல்லாம் முடிந்தது.

குறைகளை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் கூட்டம் உங்களை நம்பும். மையம் இல்லாமலே பெரிய வேலைகள் நடக்கும் என்பதற்கு, ரஷ்ய அனார்க்கிஸ்ட் பீட்டர் க்ரொபோட்கின் ஐரோப்பிய ரயில்வேக்கள் தங்களுக்குள் பேசித் தடங்களை இணைத்ததையும், இங்கிலாந்தின் தன்னார்வ உயிர்மீட்புப் படகுச் சங்கத்தையும் காட்டினார். படகு உதாரணம் நிற்கும். ரயில் உதாரணம் பாதிதான் நிற்கும்: நிறுவனங்களுக்கு இடையில் தலைவன் இல்லை, ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் அதிகாரப் படிக்கட்டு அப்படியே இருந்தது. இன்னொரு குறை, தலைவர் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுக்களில் நன்றாகப் பேசுபவரும் அதிக நேரம் உள்ளவரும் மறைமுகத் தலைவர்களாகிவிடுவது. 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்கப் பெண்ணியர் ஜோ ஃப்ரீமன் இதைக் கூர்மையாக எழுதினார். அறிவிக்கப்பட்ட தலைவரையாவது கேள்வி கேட்கலாம், அறிவிக்கப்படாதவரை எப்படிக் கேட்பது?

சந்தை வேண்டும், வாடகையும் வட்டியும் மட்டும் வேண்டாம் என்ற பரஸ்பரவாதிகள், பணமே வேண்டாம் என்ற அனார்க்கோ கம்யூனிஸ்டுகள், தொழிற்சங்கமே எல்லாம் என்ற சிண்டிகலிஸ்டுகள் என்று கிளைகள் பல. நாற்பது நிமிடத்தில் பெயர் சொல்லிக் கடந்துவிடுங்கள். தயாரிப்புக்கு ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருந்தால், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் பதினொன்றாம் பதிப்புக்கு க்ரொபோட்கின் எழுதிய கட்டுரை போதும். எழுதியவர் கட்சிக்காரர் என்பதை மறக்காமல் படியுங்கள்.